நாடாவில் நின்றதும் நில்லாததும்: ஃப்ரீ ஜாஸ் ஆவணப் பதிவுகளும் வில்னியஸின் ஒரு சிறு நிறுவனமும்

1. கேள்வி

அமெரிக்காவில் 1960களில் உருவெடுத்து, அடுத்த பத்தாண்டில் நியூயார்க்கின் காலியான தொழிற்கூட மாடிகளுக்குள் வளர்ந்த ஃப்ரீ ஜாஸ் என்னும் இசையின் பெரும்பகுதி, அது வாசிக்கப்பட்ட காலத்தில் இசைத்தட்டாக வெளிவரவில்லை. மெட்டின் சட்டகத்தையும், கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளின் முன்வகுத்த வரிசையையும், மாறாத தாளக்கட்டையும் கட்டாயமாகக் கொள்ளாமல், கலைஞர்கள் ஒருவரையொருவர் கேட்டபடி அந்தக் கணத்திலேயே இசையை உண்டாக்கும் முறைக்கே இப்பெயர் வழங்கிற்று. ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் இரண்டு நால்வர் குழுக்களை ஒருசேர வாசிக்கவைத்துப் பதிவுசெய்து, அடுத்த ஆண்டு அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பிலிருந்து அப்பெயர் பரவியது. அன்று வெளிவராத நாடாக்களைத் தேடி எடுத்துத் தூய்மைப்படுத்தி, விரிவான குறிப்பேட்டோடு பதிப்பிக்கும் பணியைப் பெரிய நிறுவனங்களைவிட, இரண்டு மூன்று பேர் நடத்தும் சிறு நிறுவனங்களே கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெரிதும் செய்துவருகின்றன. உலகெங்கும் சிதறிக்கிடக்கும் சில நூறு சேகரிப்பாளர்களே அவற்றை வாங்குகின்றனர்.

இவ்வகை வெளியீடுகளை ‘தொலைந்த வரலாற்றின் மீட்பு’ என்று வருணிப்பது விளம்பரங்களில் மட்டுமன்றி விமரிசனங்களிலும் வழக்கமாகிவிட்டது. அவ்வருணனை எந்த அளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஓர் ஆவணப் பதிவைச் சேகரிப்பவர் கையில் வருவது அன்றைய இசைவாழ்வின் சான்றா, அல்லது நாடாவில் ஏறும் வாய்ப்புப் பெற்றவற்றின் சான்று மட்டுமா? லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸில் 2008இல் தொடங்கிய நோபிசினஸ் ரெக்கார்ட்ஸின் வெளியீடுகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்வி ஆராயப்படுகிறது.

2. இதுவரையிலான பார்வைகள்

ஃப்ரீ ஜாஸ் பற்றிய முதல் விரிவான இசையியல் ஆய்வாகக் கருதப்படும் எக்கேஹார்ட் யோஸ்ட்டின் நூல் 1974இல் வெளிவந்தது. இசைத்தட்டுகளைக் கேட்டு, ஒவ்வொரு கலைஞரின் நடையையும் தனித்தனி அத்தியாயங்களில் பகுத்துக் காட்டும் அந்நூல், தட்டாக வெளிவந்ததையே தன் சான்றுப் பரப்பாகக் கொள்ள வேண்டியிருந்தது. இதற்கு எதிர்த்திசையில், ஒளிப்படக் கலைஞரும் இதழாளருமான வேலரி வில்மர் 1977இல் வெளியிட்ட நூல் கலைஞர்களின் வீடுகளுக்கும் வாழ்க்கைத் துணைகளுக்கும் வருமானத்துக்கும் நேராகச் சென்றது. இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்டு அறியவே முடியாத செய்திகள் அதில் நிறைந்திருக்கின்றன.

இசைத்தட்டையே வரலாற்றின் அடித்தளமாக்குவதில் உள்ள ஆபத்தை ஜெட் ரசூலா 1995இல் எழுதிய கட்டுரை கோட்பாட்டளவில் எடுத்துரைத்தது. பதிவுகள் இல்லாமல் ஜாஸ் வரலாறு எழுத முடியாது, ஆனால் பதிவுகளை மட்டும் நம்பினால் அவ்வரலாறு திரிந்துபோகும் என்ற இக்கட்டு அதன் மையம். மைக்கேல் ஹெல்லர் 2017இல் வெளியிட்ட ‘லாஃப்ட் ஜாஸ்’ என்னும் நூல் இவ்விக்கட்டிலிருந்து ஒரு வழி காட்டுகிறது. தாளவாத்தியக் கலைஞர் ஜூமா சுல்தான் சேர்த்துவைத்திருந்த நாடாக்களையும் தாள்களையும் ஒழுங்குபடுத்திய அனுபவத்தின் வழியாக, கலைஞர்கள் தங்களையே ஆவணப்படுத்திக்கொண்ட செயலையும் அவர் வரலாற்றின் ஒரு பகுதியாக வாசிக்கிறார். அச்சேகரத்தின் ஒரு பகுதியை எரிமைட் என்னும் சிறு நிறுவனம் 2011இல் பதிப்பித்தது.

இந்நால்வரின் அக்கறைகளும் வேறுபட்டாலும், நாடாவுக்கும் கேட்பவருக்கும் இடையில் நிற்கும் பதிப்பாளரை எவரும் தனிப்பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவடிக்கும் வாசகருக்கும் இடையில் பதிப்பாசிரியர் நிற்பதுபோலவே இங்கும் ஒருவர் நிற்கிறார். அவருடைய தெரிவுகளைப் பாராமல் பாடத்தை மட்டும் பார்ப்பது சேகரிப்பாளர்கள் எளிதில் செய்யும் பிழை.

3. மாடிகளும் அவற்றின் நாடாக்களும்

லாஃப்ட் என்பது மேல்மாடிக் கூடம். கீழ் மன்ஹாட்டனில் சிறு தொழிற்சாலைகள் வெளியேறியபின் குறைந்த வாடகைக்குக் கிடைத்த இக்கூடங்களில் ஓவியர்களும் நடனக் கலைஞர்களும் ஜாஸ் கலைஞர்களும் குடியேறினர். மதுவிற்பனையை நம்பி நடந்த இரவு விடுதிகள் இந்த இசைக்கு இடங்கொடுக்கத் தயங்கியபோது, கலைஞர்கள் தாம் குடியிருந்த இடத்தையே அரங்காக்கினர். சாக்சபோன் கலைஞர் சாம் ரிவர்ஸும் அவர் மனைவி பியாவும் பாண்ட் தெரு 24ஆம் எண்ணில் நடத்திய ஸ்டூடியோ ரிவ்பியா, ஜான் கோல்ட்ரேனிடம் டிரம்ஸ் வாசித்த ரஷீத் அலி கிரீன் தெருவில் நடத்திய அலிஸ் அல்லி, ஸ்டூடியோ வீ, என்வைரான், லேடீஸ் ஃபோர்ட் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. நியூபோர்ட் ஜாஸ் விழா 1972இல் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தபோது, உள்ளூர்க் கலைஞர்களை அது புறக்கணித்ததாகக் கருதி அவர்கள் போட்டியாக ஒரு விழாவையே நடத்தினர்.

இம்மாடிகளில் ஒலித்த இசையில் தட்டாக வந்தது மிகச் சிறிது. 1976 மே மாதத்தில் ஸ்டூடியோ ரிவ்பியாவில் நடந்த தொடர் நிகழ்ச்சிகளைத் தொழில்முறைக் கருவிகளோடு பதிவுசெய்து, மறு ஆண்டு ‘வைல்ட்ஃப்ளவர்ஸ்’ என்ற பெயரில் ஐந்து தட்டுகளாக வெளியிட்டது பெரும் விதிவிலக்கு. ஆலன் டக்ளஸும் மைக்கேல் கஸ்கூனாவும் தயாரித்த அத்தொகுப்பை விநியோகித்தது, டிஸ்கோ இசையில் பணம் ஈட்டிக்கொண்டிருந்த காசபிளாங்கா நிறுவனம் என்பது அக்காலத்தின் வினோதங்களுள் ஒன்று. அதில் ஒரு குழுவுக்குப் பெரும்பாலும் ஓர் உருப்படிதான் கிடைத்தது. ஆயினும் வேறு தட்டுகள் இல்லாமையால், மாடி இசை என்றால் அந்த மே மாதத்து ஒலியே என்ற மனப்பதிவு ஒரு தலைமுறைக் கேட்பவர்களிடம் நிலைத்துவிட்டது.

நோபிசினஸ் நிறுவனத்தைத் தானஸ் மிகைலியோனிஸும் வலேரி அனோசவும் தொடங்கியபோது நிலைமை இதுவே. அந்நிறுவனம் 2009இல் ஜெமீல் மூன்டாக் என்ற ஆல்டோ சாக்சபோன் கலைஞரின் குழுப்பதிவுகளை ‘முந்து ரெக்கார்டிங்ஸ்’ என்று மூன்று குறுந்தட்டுகளாகவும், 2012இல் டபுள் பாஸ் கலைஞர் வில்லியம் பார்க்கரின் 1976 முதல் 1987 வரையிலான வெளிவராத பதிவுகளை ‘சென்டரிங்’ என்று ஆறு குறுந்தட்டுகளாகவும் பதிப்பித்தது. 2019இல் சாம் ரிவர்ஸ் ஆவணத் தொடர் தொடங்கியது. இவற்றின் உருவாக்கத்திலும் குறிப்பேடுகளிலும் அமெரிக்க விமரிசகர் எட் ஹேசலின் பங்கு பெரிது. ஜப்பானின் சாப் சாப் அமைப்பு 1990களில் பதிவுசெய்தவற்றையும் நோபிசினஸ் ஒரு தனி வரிசையாக வெளியிட்டுவருகிறது. இத்தாரு ஓக்கி, சாபு டொயொசூமி போன்றோரை ஜப்பானுக்கு வெளியே பலர் கேட்டது அதன் வழியாகத்தான்.

நியூயார்க்கின் மாடிகளுக்கும் வில்னியஸுக்கும் என்ன உறவு என்ற வினா எழுவது இயல்பு. சோவியத் ஆட்சியில் மிகத் துணிச்சலான ஜாஸ் குழு எனப் பேசப்பட்ட கானெலின் மூவர், அதாவது வியாசெஸ்லாவ் கானெலின், விளாதிமிர் தராசவ், விளாதிமிர் செகாசின், 1970களின் தொடக்கம் முதல் வில்னியஸில்தான் இயங்கினர். லெனின்கிராடிலிருந்து வெளியேறி பிபிசியின் ரஷ்ய ஒலிபரப்பில் பணியாற்றிய லியோ ஃபெய்கின், 1979இல் லண்டனில் லியோ ரெக்கார்ட்ஸைத் தொடங்கி, இரகசியமாக வெளியே வந்த அவர்களுடைய நாடாக்களைத் தட்டாக்கினார். கலைஞர்கள் அதிகாரிகளிடம் அகப்படக்கூடாது என்பதற்காக, இந்நாடாக்கள் வெளியானதற்கு அவர்கள் பொறுப்பல்ல என்னும் அறிவிப்பை அவர் உறைகளில் அச்சிட்டார். அன்று வில்னியஸின் நாடா மேற்கே போய்ப் பதிப்பானது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க்கின் நாடா வில்னியஸுக்கு வந்து பதிப்பாகிறது. இந்த எதிரெதிர்ப் பயணத்தைக் காரணகாரியமாக நீட்டுவது மிகையாகும். எனினும், நாடாவுக்காகக் காத்திருந்து கேட்ட ஒரு நகரத்தில் பிறரின் நாடாவைப் பொறுமையோடு பதிப்பிக்கும் மனநிலை வேரூன்றியிருப்பது வியப்புக்குரியதன்று.

4. எது பதிவாயிற்று

ஆவணத் தொடரை வரலாற்றுச் சான்றாகக் கொள்பவர் முதலில் கவனிக்கவேண்டியது பதிவின் இடத்தை. சாம் ரிவர்ஸ் தொடரின் முதல் நான்கு தொகுதிகளை எடுத்துக்கொள்ளலாம். ‘எமனேஷன்’ 1971இல் பாஸ்டனின் ஜாஸ் ஒர்க்ஷாப் விடுதியில் வாசித்தது, ‘ஜெனித்’ 1977இல் பெர்லின் ஜாஸ் விழாவில், ‘ரிக்கொஷே’ 1978இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கீஸ்டோன் கார்னர் விடுதியில், ‘பிரெய்ட்ஸ்’ 1979இல் ஹாம்பர்க்கில். லாஃப்ட் இயக்கத்தின் முதன்மை இடத்தையே நடத்தியவரின் ஆவணத் தொடர், முதல் நான்கு படிகளில் அந்த இடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. அவருடைய வாழ்நாளில் பெரிய நிறுவனம் வெளியிட்ட நேரடிப் பதிவுகளுள் பெயர்பெற்ற ‘ஸ்ட்ரீம்ஸ்’ கூட 1973இல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ விழாவில் பதிவானதே.

இதற்குப் பதிப்பாளரைக் குறைகூற வேண்டியதில்லை. விழாக்களும் விடுதிகளும் ஒலிபரப்போடு தொடர்புடையவை. மேற்கு ஜெர்மனியின் வானொலி நிலையங்கள் ஜாஸ் நிகழ்ச்சிகளைத் தேர்ந்த பொறியாளர்களைக் கொண்டு பதிவுசெய்வதை வழக்கமாகக் கொண்டிருந்தன. மாடிக் கூடத்திலோ பெரும்பாலும் ஒரு சுருள்நாடாக் கருவியும் ஒன்றிரண்டு ஒலிவாங்கிகளுமே இருந்தன. சத்தம் மிகுந்த டிரம்ஸ் அருகில் வைத்தால் டபுள் பாஸ் மறையும், தள்ளி வைத்தால் எல்லாமே அறையின் எதிரொலியில் கரையும். எனவே, தரம் என்ற அளவுகோலைப் பதிப்பாளர் எவ்வளவு நேர்மையாகப் பயன்படுத்தினாலும், அதன் விளைவாகத் தெரிந்தெடுக்கப்படுவது பயணத்தில் வாசித்த ரிவர்ஸ்தான், வீட்டில் வாசித்த ரிவர்ஸ் அல்லர். வெளியூர் விழாவில் ஒருமுறை வாசிப்பதும், வாரந்தோறும் வரும் பழகிய முகங்களுக்கு முன் சொந்தக் கூடத்தில் வாசிப்பதும் ஒன்றல்ல என்பதை மனோதர்ம இசையை அறிந்த எவரும் ஒப்புவர்.

இரண்டாவது தடை நாடாவின் நீளம். அக்காலத்தில் பரவலாக இருந்த ஏழு அங்குலச் சுருளில் 1,200 அடி நாடா கொள்ளும். நல்ல தரத்துக்குரிய வேகமான நொடிக்கு 7.5 அங்குலத்தில் ஓடவிட்டால் அது ஒரு திசையில் ஏறத்தாழ 32 நிமிடங்களில் தீர்ந்துவிடும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நேரம் இரட்டிக்கும், ஆனால் சிம்பல்களின் மேல்சுரங்கள் மங்கும். ரிவர்ஸின் மூவர் குழுவோ இடைநிறுத்தமின்றி ஒரு மணிநேரம்வரை வாசிக்கக்கூடியது. அவர் டெனர் சாக்சபோனிலிருந்து புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும் சோப்ரானோ சாக்சபோனுக்கும் மாறி மாறிச் செல்வதே அவ்வாசிப்பின் கட்டமைப்பு. நீளத்தைக் காப்பதா, ஒலியைக் காப்பதா என்று பதிவாளர் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒலியைத் தேர்ந்தவர் நாடாவைத் திருப்பிப்போடும் நேரத்தில் இசையின் ஒரு துண்டை இழந்தார். ஏட்டில் செல்லரித்த இடம் கண்ணுக்குத் தெரியும். ஒலி மெல்ல எழுந்து தொடங்கி மெல்ல மறைந்து முடியும் ஒரு தடத்தில், இழந்தது எவ்வளவு என்பதற்கு அடையாளமே இராது. பழைய நீள்தட்டு இவ்வகையில் மேலும் கொடியது, பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல் அது இடங்கொடாது. எழுபது நிமிடங்களைத் தாண்டிக் கொள்ளும் குறுந்தட்டு வந்தபின்னரே இவ்விசையின் உண்மையான அளவு தெரியத் தொடங்கியது என்று சொல்லலாம். சேகரிப்பாளர்களிடையே நீள்தட்டுக்கு இன்று உள்ள மோகத்தைக் கருதும்போது, இந்த இசைக்கு எளிய குறுந்தட்டே அதிக நியாயம் செய்தது என்பது கவனிக்கத்தக்கது.

பதிவாகாதவற்றுள் ஒலியே அல்லாதவையும் உண்டு. பார்க்கரின் ‘சென்டரிங்’ தொகுப்பில் பாட்ரிசியா நிக்கல்சனின் நடன நிகழ்ச்சிகளுக்காக அமைந்த இசை இடம்பெறுகிறது. கேட்பவருக்கு ஒரு நீண்ட தணிவாகப் படும் இடம் நடனக் கலைஞரின் அசைவுக்காக விட்ட இடமாக இருக்கலாம், திடீர் வேகம் அவருக்குச் சொன்ன பதிலாக இருக்கலாம். நடனத்தோடு பிறந்த இசை தட்டில் தனி இசையாக நிற்கும்போது, அதன் வடிவத்துக்குரிய காரணத்தில் பாதி போய்விடுகிறது. அதேபோல், ரிவ்பியா என்ற பெயரின் பின்பாதியாக நிற்கும் பியா ரிவர்ஸின் உழைப்புக்கும் நாடாவில் ஒலி இல்லை. இத்தகையவற்றை வில்மரின் நூலில்தான் தேடவேண்டியிருக்கிறது.

5. பதிப்பாளரின் கை

நாடா கிடைத்ததும் அது இசையாகிவிடுவதில்லை. 1970களின் நடுவிலிருந்து தயாரான சில நாடா வகைகளில், காந்தத் துகள்களைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். அவற்றை அப்படியே ஓட்டினால் துகள்கள் உதிர்ந்து கருவியின் தலையில் அப்பிக்கொள்ளும். ஐம்பது பாகை செல்சியஸுக்குச் சற்று மேல் பல மணிநேரம் சீராகச் சூடேற்றினால் நாடா சில வாரங்களுக்கு ஓடக்கூடிய நிலைக்கு வரும், அதற்குள் எண்ணிமப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். இது கைத்தொழில்.

ஆனால் வேகத்தைத் தீர்மானிப்பது விளக்கம் சார்ந்த செயல். பதிவுக் கருவி சரியான வேகத்தில் ஓடவில்லையென்றால், ஆறு விழுக்காட்டு வேறுபாட்டுக்கு இசை ஏறத்தாழ அரைச்சுரம் மேலோ கீழோ நகரும். எழுதிய இசையில் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். பியானோ இருந்தால் அதன் சுருதியைத் துணைக்கொள்ளலாம், அந்த மாடியின் பியானோ சுருதி சேர்க்கப்பட்டிருந்தால். இரண்டும் இல்லாத இடத்தில், ஒரு சாக்சபோன் எந்த அளவுக்கு அடர்த்தியாக ஒலிக்கவேண்டும் என்ற பொறியாளரின் செவியே பாடத்தை நிர்ணயிக்கிறது. கலைஞர் உயிரோடிருந்தால் கேட்டறியலாம். ரிவர்ஸ் 2011 டிசம்பரில் காலமானபின் தொடங்கிய தொடருக்கு அந்த வசதி இல்லை.

பெயரிடுதலும் அப்படியே. மேடையில் பெயரின்றி வாசித்த ஒரு மணிநேர இசைக்குத் தட்டில் ஒரு தலைப்பு தேவைப்படுகிறது. அத்தலைப்பு நாளடைவில் இசைப்பட்டியல்களில் ஏறி, கலைஞர் இயற்றிய ‘படைப்பு’ என்ற தகுதியைப் பெற்றுவிடுகிறது. பெர்னார்டு ஸ்டோல்மன் என்ற வழக்கறிஞர் நியூயார்க்கில் தொடங்கி, 1964இல் சாக்சபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லரின் மூவர் குழுவைப் பதிவுசெய்த இஎஸ்பி-டிஸ்க் நிறுவனம், தட்டில் கேட்கப்போவதைக் கலைஞர்கள் மட்டுமே தீர்மானிக்கிறார்கள் என்பதைத் தன் கொள்கையாக அறிவித்தது. ஆவணப் பதிப்பு அந்தக் கொள்கையின் நேர் எதிர்முனையில், தவிர்க்கவியலாமல், நிற்கிறது. வெளியிடவேண்டாம் என்று கலைஞர் ஒதுக்கிவைத்த நாடாவையும், வெளியிட வாய்ப்பின்றிப் பரண்மேல் கிடந்த நாடாவையும் பின்னாளில் திறப்பவர் பிரித்தறிவது கடினம். மூன்டாக், பார்க்கர் ஆகியோரின் வாழ்நாளிலேயே வெளியான இரு தொகுப்புகளும் இவ்வகையில் உறுதியான நிலத்தில் நிற்பவை. அவற்றைப் பிந்தைய தொடர்களோடு ஒரே வகையாக எண்ணுவது சரியன்று.

6. பெட்டியும் சேகரிப்பாளரும்

டெக்சஸின் ரெவனன்ட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட அய்லரின் ‘ஹோலி கோஸ்ட்’ இவ்வகைப் பதிப்புகளுக்கு ஓர் அளவுகோலாகிவிட்டது. ஒன்பது குறுந்தட்டுகள், ஒரு கூடுதல் தட்டு, கெட்டி அட்டையில் ஒரு பெரிய நூல், அக்காலத் துண்டறிக்கைகளின் நகல்கள், உலர்ந்த ஒரு பூ ஆகியவை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருந்தன. 1967 ஜூலையில் கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கில் அய்லர் குழு வாசித்த பதிவும் அதில் உண்டு. ஒலி மங்கலானது, ஆயினும் அதைக் கேட்க விரும்பாத சேகரிப்பாளர் அரிது. அந்தப் பூவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1970 நவம்பரில் ஈஸ்ட் ஆற்றில் பிணமாக மீட்கப்பட்ட ஒரு கலைஞரின் நினைவை இவ்வாறு திருநினைவுப் பேழையாக அமைப்பது, அவரை ஆராய்வதற்குரியவராக அன்றி வணங்குவதற்குரியவராக ஆக்குகிறது. அந்நூலின் கட்டுரைகளோ இதற்கு மாறாக, நாள், இடம், கலைஞர் பெயர் ஆகியவற்றில் நுணுக்கம் காட்டுபவை. பெட்டியும் நூலும் இரு வேறு திசைகளில் இழுக்கின்றன.

டிரிபிள் பாயின்ட் நிறுவனம் 2013இல் நியூயார்க் ஆர்ட் குவார்டெட் குழுவின் பதிவுகளை ஐந்து நீள்தட்டுகளாக மரப்பெட்டியில் 665 பிரதிகள் மட்டும் வெளியிட்டது. இத்தகைய எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை வணிகத் தந்திரம் என்று பழிப்போரும் கலைப்பொருளுக்குரிய மதிப்பு என்று போற்றுவோரும் உண்டு. சிறு நிறுவனத்தின் கணக்கில் அது பெரும்பாலும் இரண்டும் அல்ல. விற்காத பிரதிகளை அடுக்கிவைக்க இடமும், அச்சிட முன்பணமும் இல்லாதவர் நிச்சயம் விற்கும் அளவுக்கே அச்சிடுகிறார். ஆனால் விளைவு கசப்பானது. தீர்ந்துபோன பதிப்பு பழைய தட்டுச் சந்தையில் பலமடங்கு விலைக்குக் கைமாறும்போது, அப்பணத்தில் ஒரு பங்கும் கலைஞருக்கோ பதிப்பாளருக்கோ போய்ச்சேருவதில்லை. தன் காலத்தில் சந்தை ஒதுக்கிய இசை, அரும்பொருளானபின் அதே சந்தையில் ஏலத்துக்கு வருகிறது.

ஆராய்ச்சி நோக்கில் சேகரிப்பவருக்குப் பெட்டியைவிடக் குறிப்பேடு பெறுமதியுடையது. எந்தக் கருவியில் பதிவாயிற்று, நாடா யாரிடம் இருந்தது, எங்கு வெட்டப்பட்டது என்பனவற்றைச் சொல்லும் பதிப்பு தன் குறைகளையும் சான்றாக்கித் தருகிறது. இவற்றைச் சொல்லாத பதிப்பு, ஒலி எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பாடபேதம் காட்டாத மூலப்பதிப்பு போன்றது. ‘முந்து ரெக்கார்டிங்ஸ்’ குறிப்பேட்டின் பெறுமதிக்கு நல்ல எடுத்துக்காட்டு. செசில் டெய்லரிடம் பயின்ற மூன்டாக், பாண்டு மொழிகளில் மனிதனைக் குறிக்கும் சொல்லைக் குழுவின் பெயராக்கி, அதே பெயரில் ஒரு சொந்த நிறுவனத்தையும் நடத்தினார். முதல் தட்டான ‘ஃபர்ஸ்ட் ஃபீடிங்’ 1977இலும் அடுத்தது 1979இலும் பதிவாயின. அவ்விரண்டையும் பழைய தட்டுகளாகவே வைத்திருந்த சேகரிப்பாளர் 2009இல் அப்பெட்டியை வாங்கியது மூன்றாவது குறுந்தட்டுக்காகவும் ஹேசல் எழுதிய நீண்ட நூலுக்காகவும்தான். அந்த மூன்றாவது தட்டு 1975இல் அலிஸ் அல்லியில், அதாவது ஒரு மாடியிலேயே, பதிவானது. குழுவின் இசைப்பட்டியல் அதுவரை ஸ்டூடியோவில் தொடங்கியது, இப்போது அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், கிரீன் தெருவின் ஒரு கூடத்தில் தொடங்குகிறது.